எம்.எல்.ஏ.வுக்கு அல்சர்

என் செல்ல எம்.எல்.ஏ. அப்பாவுக்கு,

முதலில் செய்தி. வேலியை எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டுப் பாதை மறுபடியும் நம்முடையதாகிவிட்டது. இல்லை, தப்பாகச் சொல்கிறேன். அது எப்போதும் நம்முடையதுதான். இப்போது தாலுகா ஆபீஸும் ஒத்துக்கொண்டிருக்கிறது. நேற்று அம்மா அந்தப் பாதையில் நடந்து வந்து உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் அழுகை வந்துவிடும் என்பதால் நான் முழுசாக எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பேப்பரில் போட்டோ போட்டு விளம்பரம் கொடுக்கலாம் என்று கட்சிக்காரர்கள் வந்தார்கள். 'மக்கள் தொண்டர்' என்று போடுவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதி, நம் பக்கத்தில் வரும் ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்புகிறேன். உங்களுக்கு எழுதுவதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். ஐந்து வருஷம் ஒரு பொய்யை ஊர் ஊராகப் போய்ச் சொன்னீர்கள். உண்மையும் ஊருக்குத் தெரியட்டும்.

உங்களுக்கு அல்சர் கிடையாது.

ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் மூட்டை தூக்கிய காலத்தில் ஒரு நாளைக்கு ஏழு டீ குடித்த வயிறு உங்களுடையது. அதற்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனதெல்லாம் நீங்கள் எம்.எல்.ஏ. ஆன பிறகுதான்.

எம்.எல்.ஏ. ஆனது எப்படி என்பதையும் அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். நம்முடையது தனித்தொகுதி. நம் ஆட்களில் ஒருவர்தான் நிற்க முடியும்; ஆனால் அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்வது நம் ஆட்கள் இல்லை. கட்சியில் இரண்டு பெரிய புள்ளிகள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பேருக்குமே தொந்தரவு தராத ஓர் ஆள் தேவைப்பட்டது. சுவரில் போஸ்டருக்குப் பசை தடவிக்கொண்டிருந்த செங்கோடனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "உங்க ஊட்டுக்காரரக் கட்சி ஆபீஸ்ல தேடறாங்க" என்று வந்து நின்றவரிடம் அம்மா, "ஏனுங்க, பசை தீந்துபோச்சாமா?" என்று கேட்டாளாம்.

ஜெயித்த முதல் வாரம் வீடு வீடாக நன்றி சொல்லப் போனீர்கள். எனக்குப் பதினொரு வயது; நானும் ஜீப்பில் இருந்தேன். ஊரின் மேற்குக் கடைசியில் பெரிய பண்ணாடி வீடு. மூன்று தலைமுறையாக நம் ஆட்கள் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கியது அவர்கள் நிலத்தில்தான். அதனால் அவர் நமக்குப் பண்ணாடி, நாம் அவருக்கு ஆள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உங்களுக்கும் ஒன்று. அதுவரை அந்த வாசலில் நீங்கள் நின்றுதான் பேசியிருக்கிறீர்கள். 'வாடா செங்கோடா' என்று பழகிய வாய்க்கு 'வாங்க' வரவில்லை. "எம்.எல்.ஏ. உக்காரட்டும்" என்றார் பெரியவர், அங்கே இல்லாத யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

உள்ளேயிருந்து தட்டு வந்தது. ஒன்பது எவர்சில்வர் டம்ளர்கள். ஒரு பேப்பர் கப்.

தட்டைக் கொண்டுவந்த அந்த வீட்டு அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. உங்களோடு வந்த கட்சிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தென்னை மரத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புதுசாக, பூப்போட்டு இருக்கிறதே, சின்னப் பிள்ளை என்று எனக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அந்தக் கப்புக்குக் கையை நீட்டினேன். நீங்கள் என் கையைப் பிடித்துக் கீழே வைத்தீர்கள். சிரித்த முகத்தோடு சொன்னீர்கள்:

"தப்பா நெனச்சுக்காதீங்க பண்ணாடி. எனக்கு அல்சருங்க. டீ, காப்பி எதும் ஆகாதுங்க. பாப்பாவும் டீ குடிக்காதுங்க."

அந்த வாசலே மூச்சு விட்டது. பெரியவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி! "அட, மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல" என்றார்.

இப்போதெல்லாம் இரட்டைக் குவளை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இல்லைதான். பேப்பர் கப் வந்துவிட்டதே. கழுவ வேண்டாம், தனியாக எடுத்து வைக்க வேண்டாம், குடித்ததும் சாட்சியே இல்லாமல் குப்பைக்குப் போய்விடும்.

ஒரே மாதத்தில் தொகுதி முழுக்க உங்கள் வயிறு பிரபலமாகிவிட்டது. மனு கொடுக்க வருகிறவர்கள் மனுவோடு மணத்தக்காளிக் கீரையும் கொண்டுவந்தார்கள். "வெறும் வயித்துல தேங்காப்பால் குடிங்க எம்.எல்.ஏ." என்று பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தியம் சொன்னார்கள். ஐந்து வருஷம் நம் வீட்டில் மணத்தக்காளிக் கூட்டு, மணத்தக்காளிப் பொரியல், மணத்தக்காளிக் குழம்பு. "வயித்துவலி அவருக்கு, பத்தியம் எங்களுக்கா?" என்று அம்மா கத்துவாள். விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போட்டுத் தரும் ஒரு டம்ளர் டீதான் உங்களுக்கு அன்றைக்கு முழுக்க. திருட்டுத்தனமாகக் குடிப்பீர்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர், சொந்த வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.

பொய்யின் மறுபாதி உங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வீட்டில் சொன்னதை எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டும். காலனியில் நீங்கள் மோர் குடித்ததை யாராவது பார்த்து ஊருக்குள் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? அதனால் நம் ஆட்கள் வீட்டிலும் நிறுத்தினீர்கள்.

ராசம்மா அத்தை, உங்கள் கூடப்பிறந்த அக்கா. நம் தெருவிலேயே நாலாவது வீடு. அவள் பேத்தியின் காதுகுத்துக்கு டவுன் கட்சிக்காரர்கள் புடைசூழ வந்து நின்றீர்கள். அத்தை சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"இந்தா தம்பி, ஒரு வாய் தண்ணி."

"வேண்டாங்க்கா. வயிறு சேரல."

"பண்ணாடி ஊட்டு டீ சேரலைன்னாங்க, செரி. எங்கூட்டுத் தண்ணியுமா சேரல? எம்.எல்.ஏ. வயிறு அத்தன ஒசந்துபோச்சா?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. நீங்கள் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கூட வந்தவர்களில் இரண்டு பேர் பெரிய வீட்டுக்கு வேண்டியவர்கள். வாங்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை உங்களோடு பேசவும் இல்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அவர்கள் மானம் போகக் கூடாது என்று நம் ஆட்கள் மானத்தை வாங்கினீர்கள். நான் தவறாகச் சொல்கிறேனா?

அடுத்த தேர்தலில், "அஞ்சு வருஷமா வயித்தப் புடிச்சுக்கிட்டு இருந்தாரே, சட்டசபைல வாயத் தொறந்தாரா?" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மைக்கில் கேட்டார்கள். ஐந்து வருஷத்தில் நீங்கள் கேட்டதாக எல்லாருக்கும் தெரிந்தது ஒரே ஒரு கேள்வி. அதுவும் ஏதோ வண்டிப்பாதையைப் பற்றி. தோற்றீர்கள். மறுநாள் காலை பனியனோடு அத்தை வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்து, "டீ போடுக்கா" என்றீர்கள். நான் பின்னாலேயே வந்திருந்தேன்.

"என்ன, அல்சரு போயிருச்சா?"

"ஓட்டோட சேந்து போயிருச்சுக்கா."

"அந்த எழவு முன்னாலயே போயிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தீர்கள். தோற்ற ஆள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இனி பாதைக்கு வருகிறேன். படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் காலனிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் இருப்பது பண்ணாடி காடு, அதாவது அவர்கள் விவசாய நிலம். அதன் ஓரமாக ஒரு காலத்தில் அரசாங்க வண்டிப்பாதை இருந்தது. வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுது அதைக் காட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் நம் பிணமெல்லாம் ஓடை வழியாகத்தான் போனது. தாத்தா செத்தது மழைக்காலம். இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போனீர்களாம். நீங்கள் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் எம்.எல்.ஏ.வாக இருந்த நான்காம் வருஷம் அங்கே சிமெண்டு ரோடு வந்தது. அதற்காகப் பெரிய வீட்டுக்கு எத்தனை தடவை நடந்தீர்கள், எத்தனை தடவை அல்சர் என்று சொன்னீர்கள், தெரியாது. ரோட்டின் முகப்பில் ஒரு கறுப்புக் கல் வைத்தார்கள். 'இம்மயானப் பாதைக்கு நிலத்தைத் தானமாக வழங்கியவர்' என்று பெரியவர் பெயர், பெரிய எழுத்தில். கீழே பொடி எழுத்தில் உங்கள் பெயர். பெரியவர் திரையை விலக்கினார். முதலில் கை தட்டியவர் நீங்கள்.

களவு கொடுத்தவன் நின்று கை தட்ட, களவு எடுத்தவருக்குக் கல்வெட்டு. ஒன்பதாம் வகுப்புப் படித்த எனக்கே அது புரிந்தது.

அந்தக் கோபத்தை நான் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்து, நீங்கள் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டினேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அரசாங்கப் பாதைய அவங்க தானம் குடுத்தாங்கன்னு கல்லு வச்சீங்களே, வெக்கமா இல்லீங்களாப்பா? எம்.எல்.ஏ. ஆயும் பண்ணாடி பண்ணாடின்னு கும்புடு போட்டீங்க. நீங்க ஒரு பயந்தாங்கொள்ளி."

"கல்லுதான சாமி. கெடக்குது உடு" என்றீர்கள். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனீர்கள். சோறு பாதி அப்படியே இருந்தது.

அப்புறம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த சிமெண்டு ரோட்டில்தான் உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். நான் சொன்ன வார்த்தை என் வாயிலேயே நின்றுவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அது சரி என்று இருக்கவும் முடியவில்லை. நாமக்கல்லில் ஆய்வகத்தில் உட்கார்ந்து, எருமப்பட்டிப் பக்கமிருந்து வரும் கோழித்தீவனத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எது கெட்டது, எது நல்லது என்று மெஷின் சொல்லிவிடும். உங்கள் விஷயத்தில் சொல்ல ஒரு மெஷினும் இல்லை.

நீங்கள் போன ஆறாம் மாதம் வேலி வந்தது. பெரியவர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார் அல்லவா? அவர் மகன் குமரேசன் அண்ணன் காட்டில் முட்டைக்கோழிப் பண்ணை போட்டார். ரோட்டுக்குக் குறுக்கே கம்பிவேலி, இரும்புக் கேட், பூட்டு. பறையும் வெடியும் கேட்டால் கோழி மிரண்டு முட்டை குறைந்துவிடுமாம். குறையும் என்பது உண்மைதான், என் தொழில் எனக்குத் தெரியும். அதற்காக மனுஷன் சாகாமல் இருக்க முடியுமா? "தானமாக் குடுத்தது எங்கப்பா. எனக்கு வேணும், நான் எடுத்துக்கறேன். ஓடைப் பக்கம் பழைய வழி இருக்குதல்ல?" என்றார். கேட்டவர்களிடமெல்லாம் உங்கள் கறுப்புக் கல்லைக் காட்டினார்.

தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தோம். பழைய கோப்பு கிடைக்கவில்லை, கல்லிலேயே தானம் என்று இருக்கிறதே என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ராசம்மா அத்தை செத்துப்போனாள்.

காலையில் அவளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு நான்தான் பெரிய வீட்டுக்குப் போனேன்.

"குமரேசண்ணா, அத்தை தவறிட்டாங்க. மூணு மணிக்கு எடுக்கறோம். கேட்டத் தொறந்து உடணுங்க."

"அடடா, ராசம்மாளா? எங்க காட்டுல எத்தன வருஷம் வேல செஞ்சுது! உக்காரு சரண்யா."

"உக்கார நேரமில்லீங்ண்ணா."

"அட, டீ குடிச்சுட்டுப் போ. எம்.எல்.ஏ. புள்ள தனியா வந்திருக்கற."

தட்டு வந்தது. அவருக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர். ஒரு பேப்பர் கப்.

இந்த ஒரு நிமிஷத்தை நான் நூறு தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன் அப்பா. கப்பைத் தட்டோடு தள்ளிவிடுவேன். என்ன கேட்க வேண்டும் என்பதுகூட மனப்பாடம். ஆனால் வீட்டில் அத்தை பெட்டியில் கிடக்கிறாள். மூன்று மணிக்குக் கேட் திறக்க வேண்டும். என் வாய் திறந்தது.

"எனக்கு அல்சருங்ண்ணா."

அவர் சிரித்தார். "அப்பனாட்டமேவா? பரம்பரை வியாதி போல. செரி, இன்னைக்கி ஒரு நாளைக்குத் தொறந்து உடச் சொல்றேன். பற மட்டும் வேண்டாஞ் சாமி, கோழி மெரளும்."

அத்தை பறை இல்லாமல் போனாள். ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாக ஆட நிற்கிறவள், செருப்புச் சத்தம் மட்டும் கேட்கப் போனாள். பண்ணை ஆள் ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனோம்.

அது பயம் இல்லை. பயந்தால் பேச்சு வராது. எனக்கு நன்றாகவே வந்தது. மூன்று மணி என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கு ஐந்து வருஷமும் மூன்று மணியாகவே இருந்ததா அப்பா?

அத்தையின் காரியம் முடிந்த வாரம் அம்மா சமையலறை அலமாரியைத் துடைத்தாள். நீங்கள் சென்னையிலிருந்து நீலப் பை நிறையக் கொண்டுவந்த சட்டசபைத் தாள்களைத்தான் அவள் தட்டுகளில் விரித்து வைத்திருந்தாள், தெரியுமல்லவா? "உங்கப்பன் மெட்ராஸ்ல இருந்து கொண்டாந்ததுல இது ஒண்ணுதான் ஊட்டுக்கு ஒதவுச்சு. நல்ல கெட்டிக் காயிதம்" என்பாள். மிளகாய்ப்பொடி டப்பாவைத் தூக்கியபோது அதன் அடியில் 'வண்டிப்பாதை' என்ற வார்த்தை கண்ணில் பட்டது.

நீங்கள் கேட்ட அந்த ஒரே கேள்வி. நாலு வரி. நம் ஊர் சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதை அரசுக்குச் சொந்தமானதா, அளந்து எல்லை குறிக்கப்பட்டதா? கீழே அமைச்சரின் பதில். ஆம், அது அரசுப் புறம்போக்கு. அளவை செய்து எல்லைக் கற்கள் நடப்பட்டுள்ளன. பக்கத்திலேயே கோப்பு எண்.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலனிக்காரன் நூறு மனு கொடுத்தாலும் அளக்க ஆள் வராது. சட்டசபைக் கேள்வி என்றால் வந்துதான் ஆக வேண்டும். அமைச்சர் எழுந்து நின்று தெரியாது என்று சொல்ல முடியாதே. அந்தப் பதிலுக்காகவே யாரோ நில அளவைச் சங்கிலியோடு வந்து அளந்து, கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கேள்வி கேட்டது உங்கள் இரண்டாம் வருஷம். ரோடு வந்தது நான்காம் வருஷம். முதலில் காகிதத்தில் பாதையை வாங்கிவிட்டு, அப்புறம் பெரியவருக்குக் கல்லைக் கொடுத்தீர்கள்.

கணக்குப் போட்டுத்தான் செய்தீர்களா? இல்லை, "ஏதாவது ஒரு கேள்வி எழுதிக் குடுங்க செங்கோடன், ஒண்ணுகூட இல்லையே" என்று யாராவது நச்சரித்ததால் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்தீர்களா? தெரிந்தே செய்தீர்கள் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சோற்றை விட்டுவிட்டு எழுந்து போனீர்கள்?

கோட்டாட்சியர் அமைதிக் கூட்டம் போட்டார். ஒரு பக்கம் நாங்கள், ஒரு பக்கம் அவர்கள். குமரேசன் அண்ணன் செல்போனில் கல்லின் போட்டோவைக் காட்டினார். நான் தாளை வைத்தேன். அதிகாரி விரித்துப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, செவப்பா?"

"மொளகாப்பொடி டப்பா இருந்ததுங்க சார்."

"சட்டசபைப் பதிலுக்கு மேலயா?"

அம்மா பின்னாலிருந்து சொன்னாள்: "அதுல இத்தன காரம் இருக்கும்னு நாங்க கண்டமுங்களா சாமி?"

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டார்கள். அந்த எண்ணை வைத்துத் தேடியதில் கோப்பு கிடைத்தது. எண் தெரியாதவரை அது காணாமல் போன கோப்பு. எண் தெரிந்ததும் இரண்டாவது அலமாரியில் இருந்தது. இந்த நாட்டில் ஏழைக்கு எதுவுமே தொலைவதில்லை, எண்தான் கிடைப்பதில்லை.

போன மாதம் சர்வேயர் வந்து அளந்தார். காலனியே போய் நின்றது. ஒரு இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். மண்தான் வந்தது. இன்னொரு அடி. மண். எல்லைக் கல்லைப் பிடுங்கி எறிந்திருந்தால் என்ன செய்வது? கொஞ்சம் தள்ளி, கோழிக் கொட்டகையின் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் கடப்பாரை இறங்கியது. 'ணங்'.

அந்தச் சத்தத்துக்கு அம்மா உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன். பொய் இல்லை, நிஜமாகவே நெஞ்சு லேசானது.

குமரேசன் அண்ணன் அந்த எல்லைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கப்பனுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சேதான் தானம்னு கல்லு வச்சிருக்காரு. எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லல" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். ஆனால் ஒன்று புரிந்தது. நீங்கள் விட்டுக்கொடுத்த அந்தக் கறுப்புக் கல் பெரியவரை ஏமாற்றவில்லை. அவர் மகனை ஏமாற்றியது. அந்தப் பொய்யால்தான் அத்தை பறை இல்லாமல் போனாள். அதை உங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், முழு மனதோடு. அந்தக் கல்லை மட்டும் மன்னிக்கவில்லை.

வேலையெல்லாம் முடிந்ததும் அவர்கள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் டீ வந்தது. அளந்தவர், தோண்டியவர், குமரேசன் அண்ணன், நான், அம்மா எல்லாருக்கும் பேப்பர் கப். ஒன்றே மாதிரி. அது மரியாதையா, காட்டில் டம்ளர் கழுவ முடியாத வசதிக்குறைவா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் வாயில் வைக்கும்வரை பார்த்துவிட்டு நானும் குடித்தேன். "அல்சருன்னியே?" என்றார். "இல்லீங்ண்ணா. அன்னைக்கி உங்க ஊட்டுத் தட்டுல எனக்கு மட்டும் பேப்பர் கப்பு இருந்துச்சு. அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன். ஒருவரும் தென்னை மரத்தைப் பார்க்கவில்லை. அங்கே தென்னை மரம் இல்லை. அவர் கப்பைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். டீ சுமார்தான்.

இப்போது அங்கே 'அரசு வண்டிப்பாதை' என்று இரும்புப் பலகை நட்டிருக்கிறார்கள். உங்கள் கறுப்புக் கல்லை எடுக்கத் தனி உத்தரவு வேண்டுமாம். அதனால் பலகையைக் கல்லுக்கு நேர் முன்னாலேயே நட்டுவிட்டார்கள். கல் இருக்கிறது, படிக்க முடியாது. நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

நேற்று உங்கள் வருஷத்துக்குப் பறையோடு வந்தோம். முதல் அடி உங்களுக்கு இல்லை, அத்தைக்கு. அவள் குழிமேட்டில் ஒரு சுற்று ஆடி முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தோம். அம்மா ஏழு டம்ளர் டீ வைத்தாள். எவர்சில்வர், எல்லாம். ஊரெல்லாம் பார்க்க, பட்டப்பகலில். மணத்தக்காளி வைக்கவில்லை.

கட்சிக்காரர்கள் மறுபடியும் வருவார்கள். "செங்கோடன் புள்ள, நிக்கறியா?" என்று ஏற்கெனவே தூண்டில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். நிற்பேனா, மாட்டேனா என்று இப்போது தெரியாது. ஆனால் ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன். நின்றாலும் நிற்காவிட்டாலும், எந்த வாசலுக்குப் போனாலும், எனக்கு இனி அந்த வியாதி வராது. நமக்கென்று ஒரு கப் தனியாக வந்தால், அதை அங்கேயே, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்காகக் கேட்டைப் பூட்டினால், நீங்கள் கேட்டதுபோல எழுத்தில் கேள்வி கேட்பேன். நம் ஆட்கள் நீட்டும் தண்ணீரை மட்டும் ஒருநாளும் மறுக்க மாட்டேன்.

நிம்மதியாகத் தூங்குங்கள் அப்பா. பாதை திறந்திருக்கிறது.

இப்போது டீ குடிக்கும் உங்கள் பாப்பா,
சரண்யா